விடையின் மறுபாதி

நோஹ்ராவுக்கு மனப்பாடம் என்றாலே வேப்பங்காய். ஒரு ஆலிவ் மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இந்த வருடம் எத்தனை ஜாடி எண்ணெய் தரும் என்று சொல்லிவிடுவான். கழுதை நடக்கிற சத்தத்தை வைத்தே எந்தக் காலில் லாடம் ஆடுகிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் ஞானோபதேசப் புத்தகத்தில் முதல் கேள்வியைத் தாண்டி அவன் ஒருநாளும் போனதில்லை. உன்னைப் படைத்தவர் யார்? கடவுள். அதோடு அவன் படிப்பு முடிந்தது. எதற்காகப் படைத்தார் என்று இரண்டாம் கேள்வி வரும்போது அபூனா அஸ்தஃபானின் பிரம்பும் கூடவே வரும். அபூனா என்றால் எங்கள் பங்குச் சாமியார். நல்ல மனிதர், கை நீட்டுவதுதான் கொஞ்சம் அதிகம்.

அப்படிப்பட்டவன் கட்டிக்கொண்டது யாரை என்று கேளுங்கள். தக்லாவை. கடற்கரைப் பட்டணத்துக் கன்னியர் மடத்தில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்தவள். முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளையும் விடைகளையும் எண்ணோடு சொல்லுவாள். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு எழுத்து பிசகாது. வந்த வருடமே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வேலையை அபூனா அவளிடம் தள்ளிவிட்டார்.

எங்கள் மலையில் கலியாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் முன்னே உட்கார்ந்து ஞானோபதேசம் ஒப்பிக்க வேண்டும். தேறாதவன் தலையில் மணமுடி ஏறாது. நோஹ்ரா அன்றைக்கு முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருந்தான். அருட்சாதனங்கள் எத்தனை என்று அபூனா கேட்டார். தக்லா முக்காட்டுக்குள்ளிருந்து ஏழு விரலை நீட்டிக் காட்டினாள். அவன் பதற்றத்தில் முக்காட்டின் நுனியையும் சேர்த்து எண்ணிவிட்டான்.

"எட்டு அபூனா."

"எட்டா? எட்டாவது எது மகனே?"

"இந்தப் பரீட்சைதான்."

அபூனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அவன் தேறினான்.

ஐந்து வருடம் பிள்ளை இல்லை. ஆறாம் வருடம் தக்லா உண்டானாள். பிப்ரவரியில் பேறு என்று மருத்துவச்சி கணக்குச் சொன்னபோதே தக்லாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அபூனாவின் வீடு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். மாரியில் ஓடை பெருகினால் மூன்று நாள், நான்கு நாள் அவரால் இந்தப் பக்கம் வர முடியாது. பிறக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் ஞானஸ்நானம் கொடுப்பது? அவளே கொடுக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அவள் எந்த நிலையில் கிடப்பாளோ. ஆக மிச்சம் இருந்தது நோஹ்ரா.

ஒரு மாதம், சாப்பாடு ஆனதும் அடுப்பங்கரையில் அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"பிள்ளைக்கு ஆபத்துன்னா யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். ஆம்பளையோ பொம்பளையோ, யாரா இருந்தாலும் சரி."

"நம்ம கழுதை?"

"கழுதைக்குப் பேச வராது. உனக்காவது வருதான்னு பாப்போம். தலையில மூணு தரம் தண்ணி ஊத்தணும். ஊத்தும்போதே சொல்லணும். பிதாவின் பெயராலும்..."

"சுதன் முதல்ல இல்லையா?"

"அப்பனுக்கு முன்னாடி மகன் எப்படிடா வருவான், நோஹ்ரா?"

அவன் சுதனை முதலில் சொன்னான். ஆவியை இரண்டு தரம் சொன்னான். ஒருநாள் மூவரையும் சரியாகச் சொல்லிவிட்டு ஆமென் என்பதற்குப் பதிலாக அப்பாடா என்றான். ஜனவரி கடைசியில்தான் பிசகில்லாமல் வந்தது. எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்பது புத்தகத்தில் அடுத்த கேள்வி, நூற்று எண்பத்தெட்டு. அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையும் ஏற்றினால் உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும் என்று பயந்தாள். வீட்டில் பெரிய ஜாடி நிறைய ஊற்றுத் தண்ணீர் இருக்கும்போது வேறு எதைப் போய் ஊற்றப்போகிறான் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இருந்தாலும் அந்த நினைப்புக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

பிள்ளை பிறந்த அன்று மழை விடாமல் பெய்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்து, அழாமல் வந்தது. மருத்துவச்சிக்குத் தக்லாவின் ரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி நோஹ்ராவின் கையில் கொடுத்து, "சொல்ல வேண்டியதச் சொல்லிடு, சீக்கிரம்" என்று அடுத்த அறைக்குத் தள்ளினாள். கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்த தக்லாவுக்கு அவன் குரல் கேட்டது. பர்பாரா, என்று ஆரம்பித்தான். பிதாவும் சுதனும் ஆவியும் அவரவர் இடத்தில் சரியாக வந்தார்கள். அந்த வலியிலும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. பர்பாரா அரைமணி நேரம் உயிரோடு இருந்தாள்.

ஓடை வடிந்ததும் அபூனா வந்தார். தண்ணீர் ஊற்றினாயா, சொல்ல வேண்டியதைச் சொன்னாயா என்று நோஹ்ராவிடம் கேட்டார். ஊற்றினேன், சொன்னேன் என்றான் அவன். அவன் பொய் சொல்லவில்லை. குழந்தையைக் கோயில் மதிலுக்குள்ளே, மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை என்றால் மதிலுக்கு வெளியே, முள்ளுக்காட்டோரம்தான் புதைப்பார்கள். பெயரும் கிடையாது, மணியும் அடிக்கமாட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நோஹ்ரா கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தக்லா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். நான் ஜாடித் தண்ணிய ஊத்தல."

"பின்ன?"

"அவளுக்கு இது ஒண்ணுதான் குளியல்னு தெரிஞ்சுபோச்சு. கழுதைக்கும் காட்டுற தண்ணியவா ஊத்துறது? அலமாரியில நம்ம நாரத்தம்பூ பன்னீர் இருந்துச்சுல்ல, அதை எடுத்து ஊத்தினேன். தலையெல்லாம் கமகமன்னு ஆயிடுச்சு. ஒரு தரம் கண்ணத் திறந்து என்னப் பாத்தா."

எங்கள் ஊரில் நாரத்தம்பூவைக் காய்ச்சி வடிக்கிற பன்னீரை விட உசத்தியான பொருள் எந்த வீட்டிலும் கிடையாது. விருந்தாளிக்கு அதுதான், பலகாரத்துக்கு அதுதான், மயங்கி விழுந்தவன் முகத்தில் தெளிப்பதும் அதுதான். இருப்பதில் நல்லதைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறான். தக்லாவின் தலைக்குள் நூற்று எண்பத்தெட்டாம் விடை தானாக ஓடியது. ஊற்று, ஆறு, கடல், மழை இவற்றின் நீரே ஆகும். பன்னீரும் மலர்நீரும் பழச்சாறும் ஆகா. அவற்றால் கொடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானம் அன்று.

"நல்ல காரியம் பண்ணின," என்றாள். "யார்கிட்டயும் சொல்லாத. நமக்குள்ள இருக்கட்டும்."

அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அதன்பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஏழு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நோஹ்ரா கல்லறை மதிலோரம் போய் நிற்பான். "பர்பாரா, எங்களுக்காகவும் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா," என்பான். பிறகு தக்லாவின் பக்கம் திரும்பி, "நான் உருப்படியாப் பண்ணின காரியம் இது ஒண்ணுதான்," என்பான். தக்லா உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஞானஸ்நானம் பெறாமல் சாகிற குழந்தைகளுக்கு வேதனை எதுவும் இல்லை, ஆனால் கடவுளின் முகத்தை அவர்கள் காண்பதில்லை என்று புத்தகம் சொல்லியிருந்தது. மோட்சத்துக்குப் போகிற தாய் தகப்பனும் அவர்களைப் பார்க்கப்போவதில்லை. வேதனை இல்லையாம். பெற்றவளுக்கும் இல்லை என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

அபூனாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளையை மதிலுக்கு வெளியே மாற்றக் குழியைத் தோண்டுவார்கள். நோஹ்ராவின் கண் முன்னால் தோண்டுவார்கள். யாரும் கேட்காத கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பது பாவமாகாது என்று அவள் தனக்குத்தானே ஒரு விடை எழுதிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது நூற்று எண்பத்தேழு முடிந்ததும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். ஊரில் யாரும் கவனிக்கவில்லை.

ஏழாம் வருடம் மே மாதம் ஆயர் எங்கள் பக்கம் வந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் புதுநன்மை, பீடத்தில் முதல் தடவை அப்பம் வாங்குகிற சடங்கு. பர்பாரா இருந்திருந்தால் பதின்மூன்று. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் ஆயர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். ஊரே வந்து நின்று பார்த்தது. பிள்ளைகள் டாண் டாண் என்று சொன்னார்கள். ஒரு விடை வரும்போதெல்லாம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஆயர் சந்தோஷமாகி, "வாத்தியாரம்மாவுக்கு நான் பரீட்சை வெக்கணும்போல இருக்கே," என்றார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது?"

பன்னிரண்டு பேரும் முழித்தார்கள். ஆயர் தக்லாவைப் பார்த்தார். தக்லா தரையைப் பார்த்தாள்.

"இதச் சொல்லிக்குடுக்கலையா?"

அவள் பதில் சொல்வதற்குள் கடைசியில் நின்ற நஜ்லா கையைத் தூக்கினாள். அவள் குடும்பம் பட்டணத்திலிருந்து ஈஸ்டருக்குப் பிறகுதான் ஊர் திரும்பியிருந்தது. அங்கே கன்னியரிடம் முக்கால்வாசிப் புத்தகம் படித்து முடித்த கெட்டிக்காரி. கணீர் என்று முழு விடையையும் சொன்னாள். பன்னீரும் மலர்நீரும் பழச்சாறும் ஆகா. அவற்றால் கொடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானம் அன்று.

"இப்படித்தான் சொல்லணும்," என்று ஆயர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து நோஹ்ரா எழுந்து வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஆண்டகையே, ஒண்ணு கேக்கணும். இந்தப் பிள்ள சொன்னது புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு மகனே."

"பன்னீர்னா ரோஜாப் பன்னீர் மட்டுமா? இல்ல, நம்ம நாரத்தம்பூவுல வடிக்கிறதுமா?"

"எந்தப் பூவா இருந்தா என்ன. ஏன் கேக்குற?"

நோஹ்ரா ஆயரை விட்டுத் திரும்பினான். மனைவியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போவதை அவள் பார்த்தாள். ஏழு வருடமாக இந்த ஒரு முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அவள் வாயைக் கட்டியிருந்தாள்.

"தக்லா, அன்னிக்கு நான்..."

"அது பன்னீர் இல்ல," என்றாள் தக்லா.

கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஆண்டகையே, எங்க குழந்தைக்கு என் வீட்டுக்காரர்தான் ஞானஸ்நானம் குடுத்தாரு. அலமாரியில இருந்த பன்னீர்க் குப்பிய எடுத்து ஊத்தினாரு. ஆனா அதுல பன்னீர் கிறிஸ்மஸ் பலகாரத்துக்கே தீந்துபோச்சு. நான்தான் குப்பியக் கழுவி ஊத்துத் தண்ணிய நிரப்பி வெச்சிருந்தேன். வாசனை மட்டும் போகாம இருந்துச்சு. அவரு பன்னீர்னு நெனச்சுட்டாரு. நானும் இத்தன நாளா சொல்லாம விட்டுட்டேன்."

அபூனா அஸ்தஃபான் அவளைக் கூர்ந்து பார்த்தார். ஆயர் கேட்டார்:

"பீடத்துக்கு முன்னால நிக்கிற, மகளே. சத்தியமா?"

"சத்தியமா, ஆண்டகையே."

"அப்ப என்ன கவலை? உன் குழந்தை மோட்சத்துல இருக்கு மகனே. போய் உக்காரு."

நோஹ்ரா மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா," என்றான். "அப்படித்தான் இருக்கும்." திரும்பிப் போய் உட்கார்ந்தான். ஆயர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்கிற வரைக்கும் பாவசங்கீர்த்தனம் நடந்தது; பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறாதவர் மறுநாள் நன்மை வாங்கக் கூடாது. தக்லாவும் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வெளியே வந்துவிட்டாள். பொய்ச்சத்தியம் செய்தேன் என்று சொல்லிவிடலாம், அது பெரிதில்லை. மனஸ்தாபப்படுகிறேன், மனம் வருந்துகிறேன், செய்ததைச் சரிசெய்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சங்கீர்த்தனம் செல்லாது என்பதும் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அவளுக்கு மனஸ்தாபம் இல்லை. நாளைக்கு மறுபடி கேட்டாலும் அதே சத்தியத்தைச் செய்வாள்.

ஞாயிறு காலை பன்னிரண்டு பிள்ளைகளும் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வாத்தியாரம்மா முன்னால் போய் முதலில் நன்மை வாங்க வேண்டும், பிறகு பிள்ளைகள். அதுதான் வழக்கம். தக்லா அவர்களைப் படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக ஒதுங்கி நின்றாள். நஜ்லா திரும்பி, "நீங்க வரலையா, வாத்தியாரம்மா?" என்று கிசுகிசுத்தாள். தக்லா போ என்று கண்ணைக் காட்டினாள். பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. மருத்துவச்சிதான், "பாவம், மறந்துபோய் காலையில காப்பி குடிச்சிருப்பா," என்று அதை அடக்கினாள். நன்மை வாங்கும் வரை வாயில் எதுவும் படக் கூடாது.

பிள்ளைகளுக்குப் பிறகு ஆண்கள் எழுந்து போனார்கள். நோஹ்ரா எழுந்திருக்கவில்லை. அவன் நேற்றே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டு, எல்லோரும் போய்த் திரும்பும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்று கல்லறை மதிலோரமும் அவன் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தக்லா கேட்டாள்.

"நீ ஏன் நன்மை வாங்கப் போகல?"

அவன் முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த, பன்னீர் வடிக்கிற செப்பு வாலையின் மேல் உட்கார்ந்தான். போன மாதம் பூக் காய்ச்சிய அடிப்பிடிப்பு அதில் இன்னும் இருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"அந்தக் குப்பிக்கு மெழுகு வெச்சிருந்துச்சு, தக்லா."

அவள் முக்காட்டை அவிழ்க்கப்போன கையைக் கீழே விட்டாள்.

"முந்தின வருஷம் காய்ச்சி இறக்கினப்ப நானே உருக்கி ஊத்தின மெழுகு. கையில பிள்ள. ஒத்தக் கையால பேக்க முடியல. பல்லால கடிச்சு எடுத்தேன்."

"அப்ப நேத்து..."

"நீ வாயத் தொறந்தப்பவே தெரியும்."

"பின்ன ஏன் ஆமான்னு சொன்ன?"

"ஊர் முன்னால என் பொண்டாட்டியப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா? பீடத்துக்கு முன்னால எனக்காகச் சத்தியம் பண்ணிட்டு நிக்கிற. நான் என்ன சொல்லட்டும்." சுரண்டுவதை நிறுத்தினான். "எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணாம் நாள்லேருந்து."

அவன் விரல் மடக்கி வருடங்களை எண்ணினான். பிறகு தோள் குலுங்க அழுதான். பெரிய உடம்பு, அழத் தெரியாத அழுகை. "வாரா வாரம் மதிலோரம் நின்னு நான் ஒளறினதையெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டியே," என்றான். "ஒரு தடவகூட வாயத் தொறக்கலையே நீ."

"தப்பு உன்னோடது இல்ல நோஹ்ரா. நான்தான் பாதியச் சொல்லிக்குடுத்தேன். மீதிப் பாதியையும் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா ரெண்டு பாதியும் மறந்திருக்கும். என்னை உனக்குத் தெரியாதா?"

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் ஆசை தீர அழுதார்கள். ஏழு வருடம் முன்னால் சேர்ந்து அழுதிருக்க வேண்டிய அழுகை. அன்றைக்கு அவன் ஆறுதலாக அழுதான், அவள் தனியாக அழுதாள். பக்கத்து வீட்டில் புதுநன்மைப் பலகாரம் பொரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ வாசலில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

"இன்னும் சொல்லல நீ," என்றாள் கடைசியில். "ஏன் எந்திரிக்கல?"

நோஹ்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவ மோட்சத்துல இல்லேன்னு ஆயிடுச்சு. அவ இல்லாத எடத்துல எனக்கு என்ன வேலை? அவ எங்க இருக்காளோ அங்கயே போயிடறேன். நன்மை வாங்காம இருந்தா அங்கதானே அனுப்புவாங்க? நீயும் அதுக்குத்தானே வாங்கல?"

தக்லா அவனைப் பார்த்தாள். வேண்டுமென்றே நன்மையை விட்டு, பாவத்தோடு சாகிறவர்கள் போகிற நரகம் வேறு. ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைகள் இருக்கிற இடம் வேறு. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழி கிடையாது. இருநூற்று ஆறாம் கேள்வி. விடை அவளுக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும்.

"ஆமா," என்றாள். "அதுக்குத்தான்."